அலுமினியம் பித்தளை அல்ல: பழைய புல்லட்டின் கவர்களைத் துலக்குவது பற்றி

வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் வாங்கிய 1978 புல்லட், 12 வருஷமாக மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றுவிட்டதாம். இப்போது எடுத்து ஓட்ட ஆசை. என்ஜின் கவர்கள் கறுத்து, அங்கங்கே வெள்ளைப் பொடி பூத்திருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தால் சுழலும் துணிச் சக்கரத்தில் கண்ணாடி மாதிரி பஃபிங் போட்டுத் தருகிறேன் என்று ஒரு கடையில் சொல்கிறார்களாம். கொடுக்கலாமா, வீட்டிலேயே செய்யலாமா, வீட்டில் குத்துவிளக்குக்குப் போடும் புளியும் விபூதியும் இதற்கு ஆகுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, நீங்களே செய்யுங்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும். கடைக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எந்தப் பாகத்தைக் கொடுக்கலாம், எதைக் கையை விட்டு அனுப்பவே கூடாது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். அப்புறம், அந்தக் கண்ணாடி ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தக் காலத்துப் புல்லட்டில் நான் பார்த்த ஒரிஜினல் கவர்கள் எதுவும் முகம் பார்க்கிற கண்ணாடியாக இருந்ததில்லை. வெள்ளித் தட்டைத் துணியால் துடைத்து வைத்த மாதிரி ஒரு மிதமான பளபளப்பு, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள், அவ்வளவுதான். அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் வண்டி அப்பாவின் வண்டியாகவே இருக்கும்.

முதலில் புளி, விபூதி விஷயம். இதற்கு மெக்கானிக் தேவையில்லை, உங்கள் அம்மாவிடம் இட்லிப் பானையைப் பற்றிக் கேளுங்கள். அலுமினிய இட்லிப் பானையில் நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றி நாலு நாள் இட்லி வேகவைத்தால் தண்ணீர் நின்ற மட்டம் வரை உள்ளே கருகருவென்று ஆகிவிடும். அதனால்தான் அடியில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சம்பழத் தோலோ போடுகிறார்கள். நம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க அதில் காரத்தன்மை ஏறுகிறது. காரம் பட்டால் அலுமினியம் கறுக்கும். லேசான புளிப்பு அந்தக் காரத்தை முறிக்கும், கறுப்பையும் எடுக்கும். உங்கள் புல்லட்டின் கவருக்கும் இந்தப் பானைக்கும் குணம் ஒன்றுதான்.

ஆகவே விபூதியை ஈரத்தோடு போடாதீர்கள். சாம்பல் காரம். சலவை சோடா, பாத்திரம் தேய்க்கும் பவுடர், எல்லாவற்றுக்கும் மேலாகக் காஸ்டிக் சோடா, இவை எதுவும் அலுமினியத்தின் பக்கம் வரக் கூடாது. காஸ்டிக் சோடா பட்டால் அலுமினியம் நுரைத்துக்கொண்டு கரையும். அப்போது வருவது ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் பீடி பற்றவைத்தால் அதுவும் சேர்ந்து பற்றும். புளித் தண்ணீர், எலுமிச்சை, வினிகர் இவற்றுக்கு ஒரு சின்ன வேலை உண்டு: காரம் பட்டுக் கறுத்த கறையையும், உப்புத் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளைத் திட்டையும் எடுப்பது. தடவி ஓரிரண்டு நிமிஷம், உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். பளபளப்பு அதில் வராது. பித்தளையில் புளி போட்டதும் பச்சைக்களிம்பு போய்த் தகதகவென்று வருகிறதே, அந்த வித்தை இங்கே நடக்காது. கழிப்பறை ஆசிட்டை ஊற்றினால் ஒரே நிமிஷத்தில் வெள்ளையாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்புங்கள், ஆகும். அப்புறம் அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரியே இருக்கும், மேற்பரப்பெல்லாம் அரித்துப் போயிருக்கும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வயசுக் காலத்தில் ஒரு யெஸ்டி பைக் வைத்திருந்தேன். அதன் இரண்டு பக்கத்து கவரிலும் கிரீஸும் செம்மண்ணும் கட்டிப்போயிருந்தன. கொதிக்கும் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, ஒரு பழைய பிரஷ்ஷால் தாராளமாகத் தடவிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கிரீஸ் போயிருந்தது. கவர் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாதம் தேய்த்தேன்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். எந்தப் பாகம் என்ன உலோகம் என்று பிரித்துக்கொள்ளாமல் கையில் எதையும் எடுக்காதீர்கள். ஒரு காந்தம் போதும். மட்கார்டு, ரிம், சைலன்சர், ஹேண்டில்பார் இவற்றில் காந்தம் ஒட்டும். அவை இரும்பு, மேலே குரோம் அல்லது பெயின்ட். போர் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் சிலிண்டர் பிளாக்கிலும் ஒட்டும், அது வார்ப்பிரும்பு. அதைப் பாலிஷ் போட நினைக்காதீர்கள். துருவை எடுத்துச் சூடு தாங்கும் பெயின்ட் அடிப்பதுதான் அதற்கு வழி. காந்தம் ஒட்டாமல் கையில் லேசாக இருப்பவை அலுமினியக் கலவை: வலது பக்க டைமிங் கவர், இடது பக்க செயின் கவர், கியர்பாக்ஸ் கவர், மேலே இரண்டு ராக்கர் கவர், சின்ன டேப்பெட் கவர், முன் ஃபோர்க்கின் அடிக்கால்கள், பிரேக் பிளேட். என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸும் சிலிண்டரின் தலைமூடியான ஹெட்டும் அலுமினியம்தான், ஆனால் அவற்றின் கதை வேறு, கடைசியில் சொல்கிறேன்.

கார்புரேட்டரில் காந்தம் ஒட்டாது, ஆனால் கனமாக இருந்தால் அலுமினியம் அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்புரேட்டர்கள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. துத்தநாகம் அலுமினியத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். புளிப்பும் அதற்கு ஆகாது, காரமும் ஆகாது. பாலிஷ் போட்டாலும் ஒரு வாரத்தில் மங்கிவிடும். பெட்ரோலில் கழுவி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, அந்தச் சாம்பல் நிறத்தோடு விட்டுவிடுவதுதான் அழகு.

அடுத்தது லேக்கர். பழைய கவர்களில் சிலவற்றின் மேல் பெயின்ட் கடையில் யாரோ, எப்போதோ, பாலிஷ் நிற்கட்டும் என்று தெளிவான வார்னிஷ் அடித்திருப்பார்கள். ஜப்பான் வழி வந்த வண்டிகளில் அது கம்பெனியிலேயே உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு மூலையில் விரல்நகம் அளவு பிராஸோ பாலிஷ் தடவி, வெள்ளை பனியன் துணியால் 20 தடவை தேயுங்கள். துணி கறுத்தால் வெற்று அலுமினியம். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே லேக்கர் இருக்கிறது, அல்லது அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைக் கெட்டியாக்கிய பாகம். லேக்கருக்கு அடியில் ஈரம் புகுந்தால் மண்புழு போன பாதை மாதிரி நெளிநெளியான வெள்ளைக் கோடுகள் ஓடும். அதை மேலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பெயின்ட் ரிமூவர் தடவி லேக்கரை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ரிமூவர் வாங்கும்போது காஸ்டிக் கலக்காததுதானா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். தோலில் பட்டால் தேள் கொட்டின மாதிரி இருக்கும்.

அந்தக் கறுக்கும் துணியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். துணியில் வரும் கறுப்பு அழுக்கு அல்ல. அலுமினியமே பொடிப் பொடியாக வருகிறது. "இன்னும் அழுக்கு வருகிறதே" என்று துணி வெள்ளையாக வரும் வரை தேய்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். கவர் தீரும் வரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

வெள்ளைப் பொடி எப்படி வந்தது என்று கேட்டால், கொட்டகைதான் காரணம். அலுமினியத்தைக் காற்றில் வைத்தாலே அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் உடனே உண்டாகிவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் அதன் கனம். ஆனால் மாணிக்கக்கல்லும் நீலக்கல்லும் எந்தப் பொருளோ அதே பொருள், அவ்வளவு கெட்டி. அந்தப் படலம்தான் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. மாட்டு மூத்திரத்தின் உப்பும், ஈர வைக்கோலும், மூடிப்போட்ட கோணியும் சேர்ந்தால் அந்தப் படலத்தில் ஓட்டை விழும். ஓட்டைக்குள் அரிப்பு இறங்கும். வெளியே பூப்பது அந்த வெள்ளைப் பொடி. பொடியைத் துடைத்துப் பார்த்தால் அடியில் குண்டூசி முனை அளவு குழிகள் இருக்கும். உங்கள் வேலை எவ்வளவு என்பதை அந்தக் குழிகளின் ஆழம்தான் தீர்மானிக்கும். நம் பக்கத்து வறண்ட காற்றில் நின்ற வண்டி பரவாயில்லை. சென்னையில் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியை வாங்கி வந்து பாருங்கள், குழிக்குள் குழி இருக்கும்.

கழுவும்போது முதலில் மண்ணெண்ணெய் அல்லது டீசல், பெயின்ட் பிரஷ், மூங்கில் குச்சி. கட்டிப்போன கிரீஸைக் குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் வேண்டாம், கோடு விழும். கார்புரேட்டர் வாய், சைலன்சர் வாய், பிரீத்தர் குழாய் எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். பிறகு சாதாரண ஷாம்பு தண்ணீர். வாட்டர் வாஷ் கடைக்கு ஓட்டிப் போய் நுரை அடிக்கச் சொல்லாதீர்கள். அந்த நுரையில் என்ன கலந்திருக்கிறது என்று அடிப்பவருக்கே பல நேரம் தெரியாது. கழுவியதை வெயிலில் காயவிடவும் கூடாது. சித்திரை வெயிலில் நம் தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் காய்ந்து ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வட்டம் போட்டுவிடும். நிழலில் வைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள்.

இப்போது கவர்களைக் கழற்றுவது. வண்டியிலேயே வைத்துத் தேய்க்கலாம்தான், ஆனால் மூலைமுடுக்கு வராது, உப்புத்தாள் தூள் எங்கெங்கோ போகும். இடது பக்க செயின் கவர் நடுவில் ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து ஆயிலைப் பிடித்துக்கொண்டு கழற்றினால் வந்துவிடும். டைமிங் கவர்தான் கவனம். புல்லட்டில் அது வெறும் மூடி அல்ல. ஆயில் பம்புகளே அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன, ஆயில் ஃபில்டர் அறையும் அதில்தான். கவருக்கு உள்ளேயே துளைகள் ஓடி, பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்குக்கு ஆயில் கொண்டுபோகின்றன. ஒரு சிட்டிகை உப்புத்தாள் மணல் அந்தத் துளையில் தங்கினாலும் அது நேராக பிக்-எண்டுக்கு, அதாவது பிஸ்டனின் தண்டு கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்குக்குப் போய்ச் சேரும். மினுமினு கவரும் கடகடக்கும் என்ஜினுமாக வண்டி நிற்கும்.

டைமிங் கவரைக் கடைக்கு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று எழுத்து. சில வருஷங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவரின் கவரை பஃபிங்குக்குக் கொடுத்து வாங்கி வந்தோம். கண்ணாடியேதான், மீசையைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் வார்ப்பில் மேடாக நின்ற எழுத்துகள் சோப்புக்கட்டியில் கடைசி நாள் எழுத்து மாதிரி கரைந்திருந்தன. கவரின் விளிம்பு உருண்டு போயிருந்தது. ஸ்க்ரூ உட்காரும் இடமெல்லாம் பள்ளம். பேக்கிங், அதாவது ஆயில் கசியாமல் நடுவில் வைக்கும் தாள், உட்காரும் முகத்திலும் சக்கரத்தைக் காட்டியிருக்கிறார்கள், அதனால் என்ன பேக்கிங் போட்டாலும் ஆயில் கசிந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை. அவருக்கு நாள் முழுக்க எவர்சில்வர் பாத்திரமும் கைப்பிடியும் வருகின்றன. வந்ததையெல்லாம் மின்ன வைப்பது அவர் தொழில். போன எழுத்தைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கடையாலும் முடியாது.

துளைகளை எல்லாம் துணியும் மெழுகும் வைத்து அடைத்துவிட்டு, முடிந்தால் பம்புகளை வெளியே எடுத்துவிட்டு, வேலையை ஆரம்பியுங்கள். பேக்கிங் முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், தப்பித் தவறிக்கூடத் தாள் படக் கூடாது.

வாட்டர் பேப்பரில், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில், எந்த நம்பரில் தொடங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். தலைகீழாகத் தேடுங்கள். முதலில் வெறும் பாலிஷ் பேஸ்ட். ஒரு உள்ளங்கை அளவு தேய்த்துப் பாருங்கள். பல கவர்கள் அதிலேயே வந்துவிடும், பேப்பரே வேண்டாம். வரவில்லை என்றால் 1000. அதிலும் குழி போகவில்லை என்றால் 600, பிறகு 400. எந்த நம்பரில் குழி போகிறதோ அங்கிருந்து மேலே ஏறி வர வேண்டும். 240-க்குக் கீழே போகத் தேவைப்பட்டால் அந்தக் குழியை விட்டுவிடுங்கள். 45 வருஷத்துக்கும் மேலான வண்டியில் நாலு குழி இருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வார்ப்புக்குள்ளேயே காற்றுக்குமிழிகள் உண்டு. ஒரு குழியைத் தோண்டப் போய் அடியில் இருக்கும் நாலு குமிழி திறந்துகொண்ட கதையும் நடக்கும்.

ஒரு வாளி தண்ணீர், அதில் இரண்டு சொட்டு ஷாம்பு. பேப்பரை ஒரு ரப்பர் துண்டிலோ பழைய செருப்பின் அடியிலிருந்து வெட்டிய துண்டிலோ சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் படும் இடம் பள்ளமாகும், வெயிலில் பிடித்தால் அலை அலையாகத் தெரியும். 400-ஐ மேலும் கீழுமாகத் தேய்த்தீர்கள் என்றால் 600-ஐ இடமும் வலமுமாகத் தேயுங்கள். 400 போட்ட மேல்-கீழ்க் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் போன பிறகுதான் 800-க்குப் போக வேண்டும், அங்கே மறுபடி மேலும் கீழும். இந்த ஒரு பொறுமைதான் வேலையே. ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் கவரையும் வாளித் தண்ணீரையும் கையையும் கழுவுங்கள். 1000 முடிந்து காய்ந்ததும் கவர் மங்கலாக, பால் தடவிய மாதிரி இருக்கும். மனசு விட்டுவிடும். அந்த நேரத்தில் ஆட்டோசால் என்ற பாலிஷ் பேஸ்டைப் பட்டாணி அளவு எடுத்துப் பனியன் துணியில் தடவித் தேய்த்துப் பாருங்கள். முதலில் கறுக்கும், கறுப்பு காய்வதற்குள் வேறு துணியால் துடைத்தால், அதற்கு அடியிலிருந்து உங்கள் விரலின் நிழல் தெரியும். ஒரு கவருக்கு எனக்கு நாலு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். முதல் தடவை செய்பவருக்கு அதைவிடக் கூடுதலாக ஆகலாம்.

எழுத்துகளைச் சுற்றியுள்ள பள்ளங்களுக்குத் துணி போகாது. நம் பக்கம் தோலுக்கா பஞ்சம்? ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ ஷூ வேலை செய்பவர்களிடம் மெல்லிய தோல் கழிவு கேட்டால் ஒரு பிடி தருவார்கள். ஐஸ்கிரீம் குச்சியின் முனையைச் சீவி அதில் தோலை ஒட்டி, பேஸ்ட் தடவித் தேயுங்கள். எழுத்தின் தலையில் படாமல் பள்ளத்தில் மட்டும் போகும். எழுத்துகளின் மேலே கடைசியில் ஒரு தடவை துணியால் ஒற்றினால் போதும்.

வீட்டில் பெஞ்ச் கிரைண்டர் இருந்து, அதில் துணிச் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யலாம், ராக்கர் கவர், டேப்பெட் கவர் மாதிரி எழுத்தில்லாத சின்ன பாகங்களுக்கு அது நல்லது. முதலில் கெட்டித் தையல் சக்கரமும் பழுப்பு நிற பஃப் சோப்பும், அப்புறம் தளர்ந்த பருத்திச் சக்கரமும் வெள்ளைச் சோப்பும். ஒரு சோப்புக்கு ஒரு சக்கரம், கலக்கக் கூடாது. ஆனால் ஒன்றை மனசில் வையுங்கள்: 6 அங்குலச் சக்கரம் நிமிஷத்துக்கு 2800 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கவரின் விளிம்பு அதற்கு எதிராகப் பட்டால் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடிக்கும், அல்லது உங்கள் மேல். சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழேதான் பாகத்தைக் காட்ட வேண்டும், விளிம்பு சக்கரம் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். துணிக் கையுறை, லுங்கி, தொங்கும் சட்டை எதுவும் கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். இன்னொன்று, அதே கிரைண்டரின் மறுபக்கத்தில் இரும்பைச் சாணை பிடிக்காதீர்கள். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து குவிந்திருக்கும் இடத்தில் பொறி விழுந்தால், ரயில் தண்டவாளத்தை ஒட்டவைக்கப் பயன்படும் அதே நெருப்பு உங்கள் பட்டறையில் பற்றும்.

இரும்புக் கம்பி பிரஷ்ஷும், எவர்சில்வர் நாரும் வேண்டாம். இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, மழைக்காலத்தில் ஒவ்வொன்றும் துருப்பிடித்துப் புள்ளி வைக்கும்.

முன் ஃபோர்க் கால்களுக்கும் இதே முறைதான். நீளவாக்கில் தேய்க்காமல் ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி துணியை நாடாவாக மடித்துக் குறுக்கே இழுங்கள், வேலை பாதியாகும். ஆயில் சீல் இருக்கும் மேல் விளிம்பை டேப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். குரோம் பாகங்களில் இந்த பேஸ்டை அடிக்கடி போட வேண்டாம். குரோம் படலம் மிக மெல்லியது, தேய்த்துத் தேய்த்து அடியில் இருக்கும் நிக்கலின் மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் அப்புறம் மறுபடி பிளேட்டிங்தான்.

கிராங்க் கேஸும் ஹெட்டும் வேறு கதை என்றேன். கிராங்க் கேஸ் வார்த்தபடியே சொரசொரப்பாக வந்தது, அதை அப்படியே விடுங்கள். பளபளக்கும் கவருக்குப் பக்கத்தில் அந்த மங்கல் இருந்தால்தான் கவர் எடுப்பாகத் தெரியும். மண்ணெண்ணெயும் நைலான் பிரஷ்ஷும், பிடிவாதமான இடத்தில் மெல்லிய பித்தளை பிரஷ்ஷும் போதும். ஹெட்டின் சூடு ஆற்றும் தகடுகளைப் பாலிஷ் போட்டுக் காட்சிக்கு வைப்பவர்கள் உண்டு. மினுக்கிய அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடுவதில் மகா கஞ்சன். கறுப்புப் பெயின்ட் விடுவதில் பத்தில் ஒரு பங்குகூட அது விடாது. காற்றடித்துத்தான் பெரும்பாலான சூடு போகிறது என்றாலும், மே மாதத்தில் வேலூரிலிருந்து ஆற்காடு வரை ஓட்டுகிற வண்டிக்கு இருக்கிற வழியை ஏன் அடைக்க வேண்டும்? கண்ணாடி மணிகளை வைத்துப் பீய்ச்சி அடிக்கும் பிளாஸ்டிங் செய்யச் சொன்னால், என்ஜினை முழுக்கப் பிரித்து, அடித்த பின் ஒவ்வொரு துளையையும் காற்று விட்டுக் கழுவ முடிந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரே ஒரு மணி ஆயில் வழியில் தங்கினாலும் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பாலிஷ் போட்ட கவரின் மேல் மறுபடி லேக்கர் அடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். என் கருத்து, வேண்டாம். கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்தால் அங்கிருந்து மண்புழுப் பாதை மறுபடி ஆரம்பிக்கும், முழுக்க உரித்துத்தான் சரிசெய்ய முடியும். வெற்று அலுமினியத்தில் கார் மெழுகு தேய்த்து வையுங்கள். சூட்டில் அது போய்க்கொண்டே இருக்கும், மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் செலவழித்து மறுபடி தேயுங்கள். மெழுகுக்கு முன்னால் பேஸ்டின் எண்ணெய்ப்பசையை எடுக்கக் கொஞ்சம் உலர்ந்த மைதாவைத் தூவித் துணியால் துடைத்துவிடுங்கள், மூலைகளில் தங்கும் கறுப்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். விபூதிதான் வேண்டும் என்றால் அதை இந்த இடத்தில், உலர்வாக, சலித்துப் போடலாம். ஆயுதபூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைப்பதில் தப்பில்லை, மறுநாளே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் பொட்டு வைத்த இடம் வட்டமாக மங்கிப்போகும்.

திரும்ப மாட்டும்போது டைமிங் கவரின் துளைகளில் அடைத்த துணியை எண்ணி எடுங்கள். அடைக்கும்போதே எத்தனை என்று கவருக்குள் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. பெட்ரோலில் கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, வெள்ளைத் துணியில் ஊதிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் எதுவும் வரக் கூடாது. கிராங்குக்கு ஆயில் போகும் இடத்தில் இருக்கும் கார்க் வாஷரைப் பழையதையே போடாதீர்கள், புதுசு வாங்குங்கள், பேக்கிங்கும் அப்படியே. ஸ்க்ரூக்களின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அடுத்த தடவை கழற்றும்போது ஸ்க்ரூவின் தலை மட்டும் கையோடு வரும். இப்போது கழற்றும்போதே எதுவும் அசையவில்லை என்றால் கேஸ் நெருப்பைக் காட்டாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உருகப்போகிறது என்று இரும்பைப் போலச் சிவந்து காட்டாது. கொதிக்கிற தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றி, இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

ராக்கர் கவரில் ஆரம்பியுங்கள். சின்னது, எழுத்து இல்லை, உள்ளே பம்பு இல்லை, கெட்டாலும் வேறு கிடைக்கும். கை பழகிய பிறகு செயின் கவர். டைமிங் கவரை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடுங்கள்.